கேட் காவல்காரரின் இருமல்

இலங்கையிலிருந்து வந்து பந்தலூர் எஸ்டேட்டில் சேர்ந்த புதிது. கேட்டில் எழுபது தாண்டிய காவல்காரர். எங்கு உட்கார்ந்தாலும் முதலில் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதென்று பார்ப்பார். இருமல் ஓயாது. கப்பலில் வந்திறங்கியதும் தங்கவைத்த முகாமில் இருமியவர்களைத் தனியே உட்கார வைத்த ஞாபகத்தில், மாவீரனான நான் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினேன்.

“பயப்படாதீங்க தம்பி, டிபி இல்லீங்க. எளவயசுல மொத ஜெர்மன் சண்டைக்குப் போனப்ப நெஞ்சுல விசப்புகை ஏறுனது.”

“அது அம்பது வருசமாச்சே ஐயா! எனக்கு வந்த சொறிசிரங்குகூட அத்தன நாள் தங்கலையே!”

சிரித்தார், சிரிப்பே இருமலானது. “உள்ள வெந்து செத்த செல்லுக்குப் பதிலா உடம்பு புதுசு மொளைக்க வெக்குமாமா, டாக்டர் சொன்னாருங்க. எனக்கு மொளைக்கிறதெல்லாம் தழும்புங்க. அதுதான் மூச்சுக்குழல அடைக்குது.”

“புகை எவ்வளவு நேரம் அடிச்சுது?”

“ஒரு டீ குடிக்கிற நேரந்தானுங்க.”

எனக்குக் கேலி வரவில்லை. காப்பாற்றுவதாக நினைத்து, உடம்பே அவர் மூச்சை அடைத்துக்கொண்டிருந்ததை இன்றும் நம்ப முடியவில்லை.