நான்காம் நம்பர் போன்

சிறைச்சாலையில் கரண்டு வேலை பார்ப்பவர்களுக்கு ஷாக் அடிப்பதைவிடப் பெரிய பயம், காலையில் உள்ளே கொண்டுபோன ஸ்குரூ டிரைவர் சாயங்காலம் பையில் இல்லாமல் போவது. கான்ட்ராக்டில் இப்படிப்பட்ட இடங்களுக்குப் போய் அவதிப்பட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கொண்டை

பாலிடெக்னிக்கில் மின்னியல் படித்துவிட்டு, கோல சிலாங்கூரில் ஒரு கான்ட்ராக்டரிடம் சேர்ந்தேன். அவர் எடுத்திருந்த வேலைகளில் ஒன்று சிறைப் பராமரிப்பு. பெண் கேட்டு வருகிறவர்களிடம் அம்மா, "கவர்மெண்ட் கட்டடத்துல வேலை" என்று மட்டும் சொல்லி, உடனே பலகாரத் தட்டை நீட்டிவிடுவார்.

சேர்ந்த புதிதில் ஒருநாள் வெளியே வரும்போது, கரண்டு வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் பென்னைக் காணவில்லை. அது கிடைக்காமல் யாரும் போக முடியாது. வாசல் அடைபட்டது. பையைக் கொட்டிப் பார்த்தோம், ஏணிக்கடியில் பார்த்தோம். கடைசியில் வார்டர் நாதன் என் தலையையே பார்த்துக்கொண்டு நின்றார். கை அழுக்காக இருந்ததால் அதைக் கொண்டையில் செருகியிருக்கிறேன். அவர் சிரிக்காமல் சொன்னார்: "உள்ள வர்றதுக்குத்தான் குத்தம் பண்ணணும் தங்கச்சி. வெளிய போறதுக்குக் கொண்டைய அவுத்தா போதும்."

ஏணி பிடித்தவர்

படுக்கைக் கூடங்களில் விளக்கை அணைக்கவே மாட்டார்கள். இரவும் பகலும் எரியும். எரிந்து எரிந்து சீக்கிரம் போய்விடும். மாற்றப் போகும்போது ஆட்களையெல்லாம் திடலுக்கு அனுப்பிவிட்டு, ஏணி பிடிக்க ஒரு கைதியை மட்டும் விடுவார்கள். பெரும்பாலும் அன்பரசன்தான். முப்பது வயதிருக்கும். நான் மேலே இருக்கும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அன்று புது விளக்கைப் போட்டு இறங்கினேன். நல்ல வெளிச்சம். எனக்கும் கொஞ்சம் பெருமைதான். அன்பரசன் அண்ணாந்து பார்த்துவிட்டு, ஏணியை மடக்கிக்கொண்டே சொன்னார்: "நேத்து ராத்திரி இருட்டா இருந்துச்சு மிஸ், எல்லாரும் நல்லா தூங்குனோம். நீங்க நாளைக்கு வந்திருக்கலாம் லா."

டெஸ்டிங்

பார்வையாளர் கூடத்தில் நடுவே கண்ணாடி. இந்தப் பக்கம் குடும்பத்துக்கு ஒரு போன், அந்தப் பக்கம் கைதிக்கு ஒரு போன். இதைச் சோதிக்க இரண்டு பேர் வேண்டும். அந்தப் பக்கம் அன்பரசனை உட்கார வைத்தார்கள். "ஏதாவது பேசிக்கிட்டே இருங்க" என்றேன். எனக்கே யாரிடமும் பேச வராது, அவருக்கும் வரவில்லை. கடைசியில் ஊர்ப் பெயர்களைச் சொன்னார். "கோல சிலாங்கூர். தஞ்சோங் காராங். செக்கிஞ்சான். சுங்கை பெசார்." மறுபடியும் கோல சிலாங்கூர்.

நான்காம் நம்பர் போனில் அவர் குரல் எனக்கு வரவேயில்லை. கம்பியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நான் இருக்க, அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஊர்களைச் சொல்லிக்கொண்டே இருந்தார். எந்த ஊருக்கு உதடு எப்படிக் குவியும் என்பதே எனக்குப் பழகிவிட்டது. சரியான பிறகு, "ஏன் சுங்கை பெசாரோட நிறுத்திடுறீங்க?" என்று கேட்டேன். "அதுக்கு மேல லோரி போகலை மிஸ்" என்றார்.

திரும்பும் வழியில் நாதன்தான் விவரம் சொன்னார். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லோரி, ஓட்டியவர் அன்பரசன். சுங்கை பெசார் தாண்டி, வேகமாக வந்து வாய்க்காலில் கவிழ்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி அங்கேயே முடிந்துவிட்டான். இவருக்குத் தண்டனை. வீடு அடுத்த ஊரில், சுங்கை ஆயர் தாவாரில். அங்கே அம்மா மட்டும். "விசிட் நாளானா தலைய சீவிக்கிட்டு உக்காந்திருப்பான். அந்தம்மா இதுவரைக்கும் வரலை. ஒரு மகனைப் புதைச்சிட்டு இன்னொரு மகன்கிட்ட என்னத்த பேசும், சொல்லு?"

மூச்சு

நான்காம் நம்பர் மறுபடியும் கரகரக்கிறது என்று என்னை அனுப்பினார்கள். நான் போன அன்று விசிட் நாள். முடிந்த பிறகு பார்க்கலாம் என்று நாதன் சொல்ல, சுவரோரமாகப் பையை அணைத்துக்கொண்டு நின்றேன். துணிப்பையோடு ஓர் அம்மா வந்து நான்காம் நம்பரில் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் அன்பரசன் வந்தார். தலை சீவியிருந்தது.

இருவரும் போனைக் காதில் வைத்தார்கள். யார் வாயும் அசையவில்லை. சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பேச விடுவதே கொஞ்ச நேரம்தான். லைன்தான் போய்விட்டது என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டு, பக்கத்தில் போய்க் குனிந்தேன். "அம்மா, சத்தம் கேக்குதா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "மூச்சு விடுறது கேக்குதும்மா" என்றார்.

நான் பழைய இடத்துக்கே வந்துவிட்டேன். அப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உதடு அசைந்தது. எனக்குக் கேட்கத் தேவையில்லை. கோல சிலாங்கூர். தஞ்சோங் காராங். செக்கிஞ்சான். சுங்கை பெசார். அங்கே நின்றுவிட்டது. அவர் தலை கவிழ்ந்தது. அந்த அம்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பையன் வழி மறந்தால் சொல்லிக் கொடுப்பதுபோல, நிதானமாகச் சொன்னார்: "சுங்கை ஆயர் தாவார். அதையும் சொல்லுடா, வீடு அங்கதான இருக்கு."

விசிட் முடிந்து சோதித்தேன், கரகரப்பே இல்லை. பழுதே இல்லாத போனுக்கு அரை நாள் ஏன் ஆனது என்று முதலாளி கேட்டால் என்ன சொல்வது என்று உங்களில் யாருக்காவது தெரிந்திருந்தால், எனக்கும் கொஞ்சம் சொல்லுங்கள்.