ராட்னி பேசுறேன்

கம்ப்யூட்டர்காரர்கள் என்றாலே எனக்கு ஆகாது. நாம் ஒன்று சொன்னால் அவர்கள் ஒன்று செய்து வைப்பார்கள். கேட்டால் நமக்குத்தான் விளங்கவில்லை என்பார்கள். ராட்னி வந்த முதல் நாளும் கடுகடுவென்றுதான் இருந்தேன். ஜெலாப்பாங்கில் நான் தாதியாக இருக்கும் டயாலிசிஸ் மையத்துக்கு அவன் மென்பொருள் எழுதித் தர வந்திருந்தான்.

அதற்கு முன் தினமும் மாலை ஐந்து மணிக்கு நான்தான் நாற்பது பேருக்குப் போன் போடுவேன். நாளைக்கு உங்கள் நாள், மறந்துவிடாதீர்கள் என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். அந்த வேலையை ராட்னியின் மென்பொருள் எடுத்துக்கொண்டது. முதலில் செய்தி வாசிக்கிற மாதிரி ஒரு பெண் குரலைப் போட்டிருந்தான். "தங்களின் வருகையை உறுதி செய்ய" என்று அது ஆரம்பித்ததுமே எங்கள் ரப்பர் தோட்டத்து ஆட்கள் போனை வைத்துவிட்டார்கள். அவனைப் பிடித்து ஏசினேன். மறுநாள் தன் குரலிலேயே பதிந்துகொண்டு வந்தான். ஆயர் தாவார் பக்கம் தோட்டத்தில் பிறந்தவன், பேச்சில் அது அப்படியே இருந்தது.

"ராட்னி பேசுறேன். நாளைக்கு ரத்தம் சுத்தம் பண்ணணும்லா. வாரீங்கன்னா ஒன்ன அமுக்குங்க. முடியலன்னா ரெண்ட அமுக்குங்க."

அதன் பிறகு ஒருவரும் போனை வைக்கவில்லை. ஒன்றை அமுக்கியவரின் பெயர் என் திரையில் பச்சையாகும், இரண்டென்றால் சிவப்பாகும். சிவப்பானவரை மட்டும் நான் கூப்பிட்டு விசாரித்தால் போதும். சொல்லப்போனால் நிம்மதியாகத்தான் இருந்தது. மாதம் ஒருமுறை ராட்னி வந்தால் நோயாளிகள் ஊசி குத்தியிருக்கும் கையை அசைக்க முடியாமல் மறு கையால் அவனைக் கூப்பிடுவார்கள். முறுக்கு கொண்டுவந்து கொடுப்பார்கள். ஏழு வருடமாக இந்த வேலை செய்கிறேன் அக்கா, என் பெயர் தெரிந்த ஆட்களை இங்கேதான் பார்க்கிறேன் என்று ஒருநாள் என்னிடம் சொன்னான். முகமெல்லாம் சிரிப்பு. எனக்கும் அவனைப் பிடித்துப்போயிற்று.

ராமையா அண்ணன் தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து வருவார். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியே காலம் கழித்தவர். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஏற்றி வந்து விடுவார். திங்கள், புதன், வெள்ளி, தப்பாமல் வருகிற ஆள்.

ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. திரையில் பச்சை. அன்றைக்கு ஒரு மெஷின் வேறு பழுது, ஆட்கள் வரிசையில் காத்திருந்தார்கள். அப்புறம் கூப்பிடலாம் என்று நினைத்தேன், மறந்தேன். செவ்வாய் மாலை மறுபடியும் பச்சை. சரி, நாளைக்கு வந்துவிடுவார் என்று இருந்துவிட்டேன். புதன்கிழமையும் அவருடைய நாற்காலி காலி. அப்போதுதான் பதறிப்போய்ப் போன் போட்டேன். வேறு யாரோ எடுத்தார்கள். விடிகாலையிலேயே போய்விட்டாராம். ஐந்து நாள் ரத்தம் சுத்தமாகாத உடம்பு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்த நான்தான் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாவு வீட்டுக்கு ராட்னியும் கூட வந்தான். பச்சை காட்டியவர் ஏன் வரவில்லை என்பது அவனுக்கும் புரியவில்லை. எதிர்வீட்டு செல்லாயி அக்கா வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். காரில் கூட்டி வரும் பக்கத்து வீட்டுக்காரர், கோலாலம்பூரில் இருக்கும் தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டதாக அவர்தான் சொன்னார். ராட்னி குனிந்து, கடைசியாக யாரிடமாவது பேசினாரா என்று மெதுவாகக் கேட்டான். செல்லாயி அக்கா அழுகையை நிறுத்தி அவனை ஏறிட்டுப் பார்த்தார்.

"நீதானா ராட்னி? போன்ல இதே குரல்தானே, பக்கத்துல இருந்து கேட்டேனே."

அவன் தலையசைத்தான்.

"உன்கிட்டதானேப்பா சொன்னாரு. ரெண்டு நாளும் சொன்னாரு. காரு இல்ல தம்பி, காலு வீங்கிருச்சு, ஆள் அனுப்புன்னு. ரெண்ட அமுக்குங்கண்ணேன்னு நான் சொன்னேன். கூப்பிட்டுக் கேக்குற பிள்ளைகிட்ட முடியாதுன்னு சொல்லக் கூடாதுன்னு ஒன்னத்தான் அமுக்கினாரு. வேற ஆளக் கூப்பிடவான்னு கேட்டேன். ராட்னிகிட்ட சொல்லியாச்சு, வருவாங்கன்னுட்டாரு."

பதிந்து வைத்த குரல் மட்டும்தான் போகும், அவர்கள் பேசுவது எங்கும் போய்ச் சேராது என்று அந்த அக்காவிடம் எந்த வாயால் சொல்வது?

அடுத்த வாரம் மென்பொருளை மாற்றினான். எதை அமுக்கினாலும், நேரத்துக்கு ஆள் வரவில்லையென்றால் என் போன் அலறும். முன்பே அப்படிச் செய்திருக்கலாம், எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. தன் குரலை எடுத்துவிடுகிறேன் என்றான். எடுத்தால் போனையே வைத்துவிடுவார்கள் என்று தடுத்தேன். கடைசியில் அதே குரலில் முதலில் ஒரு வரியை மட்டும் சேர்த்தான்: "இது மெஷின். நீங்க பேசுறது யாருக்கும் கேக்காது."

மறுநாள் காலை டயாலிசிஸுக்கு வந்த பாப்பா அக்கா நாற்காலியில் சாய்ந்ததும் நான் ஊசியை எடுத்தேன். அவர் கையை நீட்டவில்லை. ராட்னி பின்னால் நின்று திரையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். பாப்பா அக்கா அவனைத்தான் பார்த்தார்.

"அப்ப இத்தன நாளா நான் சொன்னது ஒன்னுமே உனக்குக் கேக்கலயாப்பா?"

இல்லைக்கா என்றான். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இப்பச் சொல்லுங்க."

பாப்பா அக்கா என்னிடம் கையை நீட்டிவிட்டு, மகன் செத்துப்போன நாளிலிருந்து ஆரம்பித்தார்.