மறுசோறு கேட்ட சனிக்கிழமைகள்

என் முப்பத்து மூன்றாவது வயதில் நான் எண்பத்தொரு கிலோ இருந்தேன். அப்போது விருத்தாசலத்தில் டீச்சர் வேலை. எழுபதுகளின் தொடக்கம். சிதம்பரத்திலிருந்து மாற்றலாகி வந்து, ஒரு வீட்டின் பின்கட்டில் ஒற்றை அறையில் தங்கியிருந்தேன். மேலே கீற்றுக் கூரை என்பதால் அடுப்பு பற்றவைக்கக் கூடாது என்று வீட்டுக்காரம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். எனக்கும் அது ஒன்றும் பெரிய குறையாகத் தெரியவில்லை. நாள் முழுக்கக் கத்திவிட்டு வந்து அடுப்பு ஊத உடம்பில் தெம்பு இருந்ததில்லை.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. கால் வீங்கியது. ஒரு நாள் வகுப்பில் கரும்பலகை முன்னால் கண் இருட்டிக்கொண்டு வரவே, ஒரு லேடி டாக்டரிடம் போனேன். அவர் ரத்தத்தையும் சிறுநீரையும் பார்த்துவிட்டு, "சர்க்கரை எட்டிப் பாக்குது. அம்மாவுக்கு இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இருந்தது. அம்பது வயசுல போயிட்டாங்க."

அவர் ஒரு சீட்டில் எழுதத் தொடங்கினார். மதியம் ஒரு கப் சோறு. உருளைக்கிழங்கு கூடாது, அப்பளம் கூடாது. இரவு கோதுமை. பதினைந்து கிலோ குறைய வேண்டும். எழுதிக்கொண்டே, "வீட்ல யாரு சமைக்கிறா?" என்றார்.

"மெஸ்ஸுல சாப்பிடறேங்க. ஜங்ஷன் ரோட்டுல, மாடியில."

"என்ன சாப்பாடு?"

"முழுச் சாப்பாடு."

அவர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தார்.

முழுச் சாப்பாடு என்றால் கேட்கக் கேட்கப் போடுவார்கள். இலையில் உப்பு, ஊறுகாய், பொரியல், கூட்டு, அப்பளம். சாம்பாருக்குச் சோறு, வத்தக்குழம்புக்குச் சோறு, ரசத்துக்குச் சோறு, மோருக்குச் சோறு. ஒவ்வொன்றுக்கும் எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம். அறுபதுகளில் நான் டீச்சர் டிரெயினிங் படித்தபோது இருந்த ஹாஸ்டலில் தலைக்கு ஒரு கரண்டி சோறு; அதுவும் பல நாள் கோதுமை ரவையும் மைலோ என்கிற அமெரிக்கச் சோளமும்தான். இன்னொரு கரண்டி கேட்ட பெண்ணை வார்டன் எல்லார் முன்னாலும் எழுந்து நிற்கச் சொல்வார். அரிசி கிடைக்காத காலம், அவரையும் குறை சொல்ல முடியாது. அந்த ஹாஸ்டலிலிருந்து வந்தவளுக்கு, கேட்காமலே ஒரு ஆள் வாளியும் கரண்டியுமாக வந்து நிற்பது முதல் வருஷம் கனவு போல இருந்தது. இரண்டாம் வருஷம் ரவிக்கைகளைப் பிரித்துத் தைத்தேன். மூன்றாம் வருஷம் புதிதாகத் தைத்தேன். பெண் பார்க்க வந்த இரண்டு இடமும் உடம்பைக் காரணம் சொல்லித் தட்டிப்போனது. அதற்குப் பிறகு யாரும் வரவில்லை, அம்மா இல்லாத வீட்டில் யாரும் தேடவும் இல்லை.

சீட்டு வாங்கி வந்த மறுநாள்தான் தெரிந்தது, முழுச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்துகொண்டு கொஞ்சமாகச் சாப்பிடுவது எவ்வளவு அலுப்பான வேலை என்று. பரிமாறுகிறவருக்கு ஐம்பது வயதிருக்கும். நல்ல மனுஷன். ஆனால் அவர் ஆளின் உடம்பைப் பார்த்துத்தான் கரண்டியை நிரப்புவார். ஒல்லியான ஆளுக்கு அரைக் கரண்டி போட்டு நிறுத்திக் கேட்பார். எனக்குக் கேட்காமலே குவிப்பார். இலையின்மேல் கையை விரித்து மறைத்தால், "கையெ எடுங்க டீச்சர், சுட்ரும்" என்பார். போதும் என்றால், "கூச்சப்படாதீங்க, நம்ம கடை" என்பார். தினமும் மதியம், தினமும் இரவு, ஒரே வழக்கு. வேண்டாம், போதும், வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே எனக்குக் களைப்பாகிவிடும். சில நாள் வாயைத் திறக்கச் சக்தியில்லாமல் போட்டதையெல்லாம் தின்றுவிட்டு வருவேன்.

கடையின் ஓரத்தில் தட்டி வைத்துத் தடுத்து, பச்சைத் துணி தொங்கவிட்ட ஒரு மூலை இருந்தது. ஃபேமிலி ரூம் என்று பெயர். அதில் ஒரு மேசை, இரண்டு பெஞ்சு. தனியாக வரும் பெண் நான் ஒருத்திதான் என்பதால் பெரும்பாலும் அது எனக்கே. சத்தம் மட்டும் துணிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தாராளமாகப் போய் வரும்.

ஒரு சனிக்கிழமை மதியம், துணியை விலக்கிக்கொண்டு ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"பொம்பளைங்க குந்துறதுக்கு இங்க எடம் இருக்குதுன்னாங்க."

"வாம்மா, உட்காரு."

என் வயதுதான் இருக்கும். என்னில் பாதி உடம்பு. கையைத் தேய்த்துக் கழுவியிருந்தாள்; ஆனால் முழங்கைக்கு மேலேயும் காதோரத்து முடியிலும் வெள்ளை மண் காய்ந்து படிந்திருந்தது. பீங்கான் கம்பெனியில் மண் சுமக்கிறவள். சனிக்கிழமை அரை நாள் வேலை, அன்றைக்குத்தான் கூலி.

அவள் சாப்பிட்டதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கக் கூடாதுதான். என்னுடைய ஒரு கப் சோறு முடிந்து நான் சும்மா இருந்தேன், வேறு எங்கே பார்ப்பது? அவசரமில்லாமல், பேசாமல், எடுத்துக்கொண்ட வேலையை முடிக்கிறவள் போலச் சாப்பிட்டாள். சாம்பாருக்கு இரண்டு தடவை சோறு, வத்தக்குழம்புக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று. ஐந்தாவது தடவை பரிமாறுகிறவர் புருவத்தைத் தூக்கினார். அவள் நிமிரவில்லை.

மோர்ச்சோறு முடிகிற நேரத்தில் என் இலையைப் பார்த்தாள்.

"டீச்சரு, சோறு புடிக்கலீங்களா?"

"டாக்டர் வேணாம்னு சொல்லியிருக்காங்க. உடம்பக் குறைக்கணுமாம்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "கொறைச்சு?" என்றாள். கிண்டலில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினாள். வீட்டில் மூன்று பிள்ளைகள், மாமியார், வேலைக்குப் போனாலும் போகாவிட்டாலும் ஒன்றுதான் என்கிற புருஷன்.

"மத்த நாள்ல எல்லாருக்கும் போட்டுட்டு, சட்டியில இருக்கிற கூழ நான் குடிச்சிடுவேன். அது பழகிப்போச்சு. வாரத்துல ஒரு வேள மட்டும் யாருக்கும் போடாம நான் துன்னணும் டீச்சரு. அதுக்குத்தான் வரேன். வூட்டுல தெரியாது."

"தெரிஞ்சா?"

"புள்ளைங்கள வுட்டுட்டு ஓட்டல்ல துன்னுட்டு வந்தியான்னு கேப்பாங்க. கேட்டா என்னா சொல்றது, துன்னுட்டுத்தான வரேன்" என்று இலையை மடித்தாள்.

மூன்று மாதம் சீட்டுப்படி நடந்தேன். மாலையில் மணிமுத்தாறு பாலம் வரை நடந்து போய்த் திரும்பினேன். நாலாவது பீரியடில் பசியில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டே பாடம் நடத்துவேன். ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் இருந்த எடை மிஷினில் காசு போட்டு ஏறி நின்றபோது எழுபத்தெட்டு என்று அட்டை விழுந்தது. அட்டையின் பின்பக்கத்தில் 'பயணத்தால் லாபம்' என்று அச்சடித்திருந்தது. மூன்று கிலோவுக்கு மூன்று மாதம். இன்னும் பன்னிரண்டு. நினைத்தபோதே அங்கிருந்த பெஞ்சில் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்த மாதத்தில்தான் கல்லாவில் உட்கார்ந்திருந்த மெஸ்காரர் பரிமாறுகிறவரிடம் சொல்வது துணி வழியாகக் காதில் விழுந்தது. "அந்த மண்ணுக்காரி வந்தான்னா ரெண்டு தடவைக்கு மேல சோறு போடாத. தீந்துபோச்சுன்னு சொல்லு."

அந்தச் சனிக்கிழமை அவள் ரசத்துக்குச் சோறு கேட்டபோது பரிமாறுகிறவர் வாளியைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "தீந்துபோச்சும்மா" என்றார். முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டு சொன்னார். துணிக்கு அந்தப் பக்கம் வேறு யாருக்கோ சோறு விழுகிற சத்தம் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும். அவள் ரசத்தைக் கையில் ஊற்றச் சொல்லிக் குடித்துவிட்டு எழுந்து போனாள்.

எனக்கு அன்று முழுக்க எரிச்சலாக இருந்தது. உடம்பைக் குறைக்கிற என் ஒரு வேலையையே ஒழுங்காகச் செய்ய முடியாமல் இருக்கிறேன், இதில் இது வேறா என்றும் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அவள் வந்தாள். இரண்டாம் சோறு முடிந்தது. பரிமாறுகிறவர் அவள் பக்கம் பார்க்காமல் திரும்பினார். நான், "எனக்குச் சோறு போடுங்க" என்றேன்.

அவர் நின்றார். இத்தனை மாதமாக வேண்டாம் வேண்டாம் என்று கையை நீட்டினவள் நான்.

"உங்களுக்குங்களா டீச்சர்?"

"எனக்குத்தான். இலை மூலையில, கை படாத எடத்துல போடுங்க. நிறையப் போடுங்க."

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், குவித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். நான் இலையை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"எச்சில் படல. எடுத்துக்கோ."

"பட்டாத்தான் என்னா" என்று அவள் சோற்றை அள்ளித் தன் இலையில் வைத்துக்கொண்டாள்.

இப்படியே எட்டு, பத்து சனிக்கிழமைகள் போயின. நான் உரக்கக் கேட்பேன்: "ரசத்துக்குச் சோறு!", "மோருக்குச் சோறு!" பரிமாறுகிறவருக்கு எல்லாம் தெரியும். "வந்துட்டேன் டீச்சர்" என்று அவரும் உரக்கச் சொல்லிக்கொண்டு வருவார், கரண்டி எப்போதும் இல்லாத அளவுக்கு நிறைந்திருக்கும். துணிக்கு அந்தப் பக்கம் சாப்பிடுகிறவர்களுக்கு என் குரல் மட்டும்தான் தெரியும். அவர்களில் சிலர் என் மாணவிகளின் அப்பாக்கள். ஒரு நாள் நான் கையைக் கழுவ வெளியே வந்தபோது இரண்டு பேர் என் உடம்பைப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸ்டாஃப் ரூமில் கணக்கு டீச்சர், "டாக்டர் பத்தியம்னு சொன்னீங்களே, மெஸ்ஸுல அஞ்சு தடவ சோறு வாங்குறீங்களாமே" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். எனக்கு விளக்கத் தோன்றவில்லை. விளக்கினால் அவளுடைய விஷயமும் வெளியே வரும், அவள் வீடும் பக்கத்துக் கிராமம்தான். சிரித்துவிட்டுக் கட்டுரை நோட்டைத் திருத்தினேன்.

ஒன்றையும் மறைக்க விரும்பவில்லை. அந்தச் சோறெல்லாம் அவளுக்கே போகவில்லை. என் முன்னால் ஆவி பறக்கும் சோற்றின்மேல் ரசம் விழும்போது நானும் இரண்டு கவளம் எடுத்தேன். பிறகு நாலு கவளம். கெட்ட பெயர்தான் வந்துவிட்டதே, சாப்பிட்டுத்தான் வைப்போமே என்று ஒரு களைப்பு. மறுபடி டாக்டரிடம் போனபோது எண்பத்து மூன்று கிலோ.

"என்னதாம்மா பண்றீங்க?" என்றார்.

"மெஸ்ஸுங்க" என்றேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை பரிமாறுகிறவர் லீவு. மெஸ்காரரே சாம்பார் வாளியோடு துணியை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அவள் கை அப்போது என் இலையில் இருந்தது.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். "டீச்சர், நீங்க எத்தன தடவ கேட்டாலும் போடுவேன். ஊருக்கெல்லாம் என்னால போட முடியாது" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அவர் முகமும் வேர்த்து, சோர்ந்துதான் கிடந்தது. உள்ளே அவர் மனைவி ஒருத்தியாக நின்று வடிக்கிற சோறு அது.

அவள் எழுந்தாள். அவள் இலையில் பாதிச் சோறு இருந்தது. அவள் மீதி வைத்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். கையைக் கழுவிவிட்டுத் துணிக்குப் பக்கத்தில் நின்று, "வரேன் டீச்சரு" என்றாள். உட்கார், சாப்பிட்டுவிட்டுப் போ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

இரண்டு வாரம் கழித்து முழுச் சாப்பாடு என்ற பலகையை இறக்கிவிட்டு அளவுச் சாப்பாடு என்று மாட்டினார்கள். ஆளுக்கு இரண்டு கரண்டி, அதற்கு மேல் தனிக் காசு. கேட்காமல் யாரும் குவிப்பதில்லை, வேண்டாம் என்று சொல்லவும் அவசியமில்லை. பரிமாறுகிறவர் என் இலையில் அளந்து போட்டுவிட்டுப் பேசாமல் நகர்ந்தார். டாக்டரின் சீட்டாலும் பாலம் வரை நடந்ததாலும் ஆகாதது அந்தப் பலகையால் ஆனது. ஒன்றரை வருஷத்தில் எழுபத்திரண்டு கிலோவுக்கு வந்தேன். சர்க்கரை அப்போதைக்கு அடங்கியது. கணக்கு டீச்சர், "என்ன மருந்து சாப்பிட்டீங்க?" என்று கேட்டார்.

அவளை மறுபடி பார்த்தது ஒரு பரீட்சை டூட்டி முடிந்து பெண்ணாடத்திலிருந்து பஸ்ஸில் திரும்பியபோது. வழியில் ஏறினாள். கையில் காய்ந்த கரும்புத் தோகை கிழித்த கோடுகள். பீங்கான் கம்பெனியில் ஆள் குறைத்துவிட்டார்களாம், இப்போது கரும்பு வெட்டப் போகிறாளாம். அவளுக்கு என்னை முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் முகம் மாறிவிட்டது.

"என்னா டீச்சரு, இப்புடி எளைச்சிட்டீங்க? ஒடம்புக்கு எதுனா ஆயிட்டுதா?"

"இல்லம்மா. நல்லாத்தான் இருக்கேன்."

அவள் நம்பவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பஸ் புழுதியோடு குலுங்கிக்கொண்டு போனது. "சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

"ஆச்சு, காலையில" என்றாள்.

அப்போது மணி நாலு இருக்கும். அவள் ஊர் வந்து, முன்வாசல் வழியாக இறங்கிப் போனாள்.