சாரலை நம்பி நட்ட நாற்று

செண்பகம் போய்விட்டாள் என்று அவள் கணவர் முத்தையா அண்ணாச்சி கைபேசியில் சொன்னபோது நான் தென்காசி மார்க்கெட்டில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தேன். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். வாங்கிய பையைக் கடையிலேயே விட்டுவிட்டு ஓடினேன்.

அலுவலகத்தில் எங்கள் இருவரோடும் வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அவள் பிடிவாதம் தெரியும். ஓய்வு பெற்ற கையோடு சுந்தரபாண்டியபுரம் பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கி, சின்னதாக ஒரு வீடும் கட்டிக்கொண்டு, இனி காய்கறிக்குக் கடை வாசலை மிதிக்கமாட்டேன் என்றாள். எல்லாம் செல்போனில் பார்த்த வீடியோக்கள் செய்த வேலை. கோழி, ஆடு, தேனீப்பெட்டி என்று அவள் அடுக்க, நான் சிரித்துவிட்டேன்.

“சிரிடீ, சிரி. வெயிலு இந்தப் போக்குல போனா, காய் வாங்க நீ எங்கிட்டதான் வந்து நிப்பே” என்றாள்.

போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சிக்கு டவுன் வீட்டை விட மனமே இல்லை. கடைசியில் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வருகிற ஆடியில் ஒரு நாள், தோட்டத்துக் காயை மட்டும் வைத்துச் சொந்தக்காரர்களுக்கு விருந்து போட வேண்டும். முடியாவிட்டால் நிலத்தை விற்றுவிட்டுத் திரும்ப வேண்டும்.

வைகாசிக் கடைசியில் காற்று குளிர்ந்தது. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்றார்கள். சாரல் மழை தொடங்கிவிட்டால் நம் ஊரில் நடவுக்கு யாரும் யோசிப்பதில்லை. செண்பகமும் கிணறு ஊறிவிடும் என்று நம்பி, கத்தரி, தக்காளி, மிளகாய் நாற்று அத்தனையையும் ஒரே மூச்சில் நட்டுவிட்டாள். சில நாளில் காற்றும் சாரலும் நின்றுபோயின. ஆனியில் சித்திரை வெயில் அடித்தது. குடம் குடமாகச் சுமந்து ஊற்றியும் நாற்று பிழைக்கவில்லை.

“காலம் கெட்டுப்போச்சுன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். சாரல் மட்டும் மாறாதுன்னு நெனச்சிட்டேன் பாத்தியா?” என்று என்னிடம் சொல்லி அழுதாள்.

மார்க்கெட்டில் வாங்கிச் சமைத்துவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். அவள் கேட்கவில்லை. ஆடி விருந்தில் இலையில் விழுந்தது சோறு, பருப்பு, வேலியில் தாக்குப்பிடித்த முருங்கைக்கீரை, பிரண்டைத் துவையல். சொந்தக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“இந்த வருசம் வெயிலு விட்டுவச்சது இவ்வளவுதான். வெக்கப்படாமச் சாப்பிடுங்க” என்றாள் செண்பகம்.

எல்லோரும் அண்ணாச்சியைப் பார்த்தோம். அவர் தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்து, இலையை மடித்தார். “அடுத்த தடவ நாத்துக்கு மேல ஓலைப்பந்தல் போடணும்” என்றார். அதன்பிறகு நிலத்தை விற்கும் பேச்சு எழவில்லை.

கடைக்குப் போகாமல் அவளால் கடைசிவரை இருக்க முடிந்ததில்லை. பாதி தோட்டம், பாதி மார்க்கெட். அதை மறைத்ததும் இல்லை. என் வீட்டில் கறி குறைந்த நாளில் இப்போது நானும் சாக்குச் சொல்வதில்லை; இருப்பதை இருக்கிறபடி பரிமாறுகிறேன். அவளிடமிருந்து எனக்கு வந்தது அதுதான். அவள் இல்லாதது பெரிய வெறுமையாக இருக்கிறது.

காரியம் முடிந்து சில நாள் கழித்துப் போனேன். அண்ணாச்சி செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“இனி டவுனுக்கே வந்திருவீங்களா, அண்ணாச்சி?”

“வரணும்மா. மகனும் கூப்பிடுதான். இந்தக் கத்தரி காய்ச்சு முடியட்டும்.”

பேசிக்கொண்டே அவர் குடத்தை வைத்துவிட்டு, பக்கத்துப் பாத்தியில் புது விதை தூவத் தொடங்கினார்.