இருபது வரியிலும் ஒரே பெயர்

குடித்துவிட்டு லாரி ஓட்டும் டிரைவர்களைத் திருத்த வாடிப்பட்டியில் வகுப்பு நடத்தியவர் அவர். அதற்கு அரசு அங்கீகாரம் கேட்டு மதுரையில் என் மேஜைக்கு வந்தார். வெளுத்த காக்கிச் சட்டை. நாற்காலியில் உட்கார்ந்தாலும் வலது கால் பிரேக்கை மிதிப்பதுபோல் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது.

"வகுப்புக்கு வந்தவங்க பட்டியல் காலியா இருக்கேண்ணே?" என்றேன்.

"எழுதுனா ஆபீஸ் நோட்டீஸ் போர்டுல ஒட்டுவீங்க. முதலாளி பாத்தா வேலை போயிரும். அப்பறம் எவன் சார் வகுப்புக்கு வருவான்?"

"பேரு இல்லாட்டி அங்கீகாரம் கிடையாது."

என் பேனாவை எடுத்து, பட்டியலின் இருபது வரியிலும் தன் பெயரையே எழுதினார்.

"குடிச்சு ஓட்டுனவன் பேருதான வேணும்? நானும் ஓட்டுனவந்தான். இம்புட்டுப் போதுமா?"

வரிகளை எண்ணினேன். எல்லாம் நிரம்பியிருந்தன. முத்திரை வைத்தேன். தெரிந்தே நான் முத்திரை வைத்த தவறான தாள் அது ஒன்றுதான். ஆனால் என் தவறுகளைக் குறித்து வைக்கும் நாட்குறிப்பில் அதைத் தவறு என்று எழுத இன்றுவரை கை வரவில்லை.