அம்மை குத்திய பதிவேடு

ஆவண அறை எழுத்தருக்கு ஆபீசில் பூனைக்கண் என்று பெயர். கண்மணி சாம்பல் நிறம். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அவர் முப்பத்தோரு வருடமாக நம்பியது ஒரே ஒரு விஷயத்தைத்தான்: தான் பங்களாவில் இருந்த வெள்ளைக்காரத் துரையின் வம்சம். துரை போய்ச் சேர்ந்து நூறு வருடத்துக்கு மேலாகிறது, பங்களா வரி அலுவலகமாகிவிட்டது. ஆனாலும் கண் பொய் சொல்லுமா என்பது அவர் வாதம். ஊரார் கேட்ட பிறப்புச் சான்றிதழ்களை எடுத்துக் கொடுத்தது போக மிச்ச நேரமெல்லாம் துரை கையெழுத்திட்ட காகிதங்களில் தன் முப்பாட்டன் பெயரைத் தேடினார். கிடைக்கவில்லை. கிடைக்காததையும் ஆதாரமாகவே எடுத்துக்கொண்டார். விஷயம் இருந்தால்தானே மறைப்பார்கள்.

அவர் மனைவிக்கு இதில் எள்ளளவும் மரியாதை கிடையாது. "துரை வம்சம், போய்க் குப்பையைக் கொட்டிட்டு வாங்க" என்பாள். அவளுக்கு அரசாங்கம் என்றாலே ஆகாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வந்தவர் பெயர் கேட்டதற்கு "எதுக்கு?" என்று திருப்பிக் கேட்டு, பதில் திருப்தியாக இல்லையென்று கதவைச் சாத்தியவள். அப்படிப்பட்டவள் அரசாங்க ஊழியரை எப்படிக் கட்டிக்கொண்டாள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்கப் பயம்.

இப்படி இருக்கையில் துரையின் பேத்திக்குப் பேத்தி கடல் கடந்து வந்து சேர்ந்தார். அங்கே பள்ளிக்கூட டீச்சர். குடும்ப மரம் வரைகிறாராம். எச்சிலைச் சோதித்து உறவு கண்டுபிடிக்கிற குப்பிகள் சில பையில் இருந்தன. பூனைக்கண் தன் கண்ணைக் காட்டினார். டீச்சர் ஒரு குப்பியைக் கொடுத்து, துப்புவதற்கு முன் அரை மணி நேரம் எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, மறுநாள் காலையில் வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

அங்கேதான் வந்தது வினை. இருபது நிமிடத்துக்கு ஒரு டீ உள்ளே போகாவிட்டால் அவருக்குக் கை நடுங்கும். மூன்று தடவை முயன்றார். மூன்று தடவையும் இருபத்தைந்தாவது நிமிடத்தில் தம்ளர் கையில் இருந்தது. கடைசியில் குப்பியை மனைவியிடம் நீட்டினார். ஒரே வீடு, ஒரே சாப்பாடு, முப்பது வருடக் குடித்தனம். எச்சிலில் மட்டும் என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடப் போகிறது? கணவனுக்குப் பதில் மனைவி கையெழுத்துப் போட்டாலும் விண்ணப்பத்தை வாங்கிக்கொள்கிற ஆபீசில் வேலை பார்த்தவர் வேறெப்படி யோசிப்பார்.

"துரைக்குத் துப்பக்கூட ஆள் வேணுமா?" என்றபடி அவள் துப்பிக் கொடுத்தாள்.

ஆறு வாரம் கழித்து டீச்சர் ஒரு தாளோடு வந்தார். தூரத்து உறவு, சந்தேகமே இல்லை என்றார். பூனைக்கண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. டீச்சர் கொஞ்சம் தயங்கி, துப்பியவர் பெண் என்று தாள் சொல்கிறது, அதுபற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று மிக நாகரிகமாகக் கேட்டார். பூனைக்கண் உட்கார்ந்துவிட்டார். பிறகு நடந்ததைச் சொன்னார். டீச்சர் இன்னொரு குப்பியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டில் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டதும் சிரிப்பாள் என்று நினைத்தார். சிரித்திருந்தால் தேவலை. அவள் கத்தியைக் கீழே வைத்தாள். அவள் அம்மாவின் தாத்தா பங்களா பின்கட்டில் பிறந்தவர், அவரைப் பெற்றவள் அங்கே துணி துவைத்தவள் என்பதெல்லாம் அவள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அப்பா யார் என்றுதான் யாரும் கேட்டதில்லை.

"துரை கிடக்கட்டும். துணி துவைச்சவ பேரு என்ன?"

அவருக்குத் தெரியாது. அப்பா பெயர் இருக்கிற பதிவேடுகளை மட்டுமே இத்தனை வருடமும் புரட்டியிருக்கிறார். அப்போதுதான் உறைத்தது: அம்மை குத்திய பதிவேடு. ஊசி குத்துகிறவருக்கு அப்பன் யாராயிருந்தால் என்ன? குழந்தையைப் பிடித்துக்கொண்டு நிற்பது யாரோ, அவரைத்தான் எழுதுவார். யாரும் கேட்டு வராததால் அந்தப் பதிவேடுகளின் மேல்தான் அவர் டீ கெட்டிலை வைத்திருந்தார்.

நான்காம் நாள் காலையில் கிடைத்தது. வெளியாரை உள்ளே விடக்கூடாது என்பது விதி. மனைவியைக் கூட்டி வந்து தன் நாற்காலியில் உட்கார வைத்தார். ஆண் குழந்தை, எட்டு மாதம், பங்களா பின்கட்டு. தந்தை: ஒரு கோடு. கொண்டு வந்தவர்: தாய், சலவைக்காரி. பெயர்: கேட்டதற்கு "எதற்கு?" என்றாள், சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை.

அவள் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடத்தில் அவள் அழுது அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"என் ஆளுதான்" என்றாள்.

அவருக்குப் பொறாமையாக இருந்தது, மறைப்பானேன். பார்வையைத் திருப்பிக்கொண்டார். மேஜை இழுப்பறை திறந்திருந்தது. இரண்டாவது குப்பி மூடி உடையாமல் கிடந்தது. அவளும் பார்த்துவிட்டாள்.

"நீங்க எப்ப துப்பப் போறீங்க?"

"இப்பதான் டீ குடிச்சேன்."

காலையிலிருந்து அவர் ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. பதிவேட்டை உருவியபோது இறக்கி வைத்த கெட்டில், கழுவித் துடைத்தபடி தரையில் இருந்தது. அவள் கெட்டிலைப் பார்த்தாள், அவர் கண்ணைப் பார்த்தாள்.

"சரி" என்று சொல்லி இழுப்பறையைச் சாத்தினாள்.