பதில் வணக்கம்

எங்கள் மகளுக்கும் அவளுடைய அப்பாவுக்கும் இடையில் பேச்சு வளர்ந்ததே ஒரு ஜப்பானியக் கார்ட்டூனால்தான். பேய்களை வெட்டும் வாள்வீரர்களின் கதை அது. ரொறன்ரோவில் அதைத் தெரியாத பள்ளிப் பிள்ளைகள் குறைவு. மகள் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகும் அதை விடவில்லை. சனிக்கிழமை மத்தியானங்களில் எங்கள் பிக்கரிங் வீட்டின் நிலத்தடி பேஸ்மன்றில் அவள் அதைப் போட்டால், என் கணவரும் தேத்தண்ணீர்க் கோப்பையோடு இறங்கிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்.

அவர் யாரோடும் ஒட்டாத மனிதர். கலியாண வீடுகளுக்கு வரமாட்டார். கோயில் திருவிழா என்றால் என்னை வாசலில் இறக்கிவிட்டுக் காருக்குள்ளேயே இருப்பார். சனக்கூட்டம் தனக்குச் சரிவராது என்பார். அது அவருடைய சுபாவம் என்று நான் எடுத்துக்கொண்டு விட்டேன். கலியாணம் கட்டிய காலத்தில் குறைப்பட்டேன், பிறகு பழகிப்போயிற்று.

அந்தக் கார்ட்டூனில் வருவதெல்லாம் கற்பனை இல்லை என்று மகள் அவருக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள். மூச்சை அடிவயிற்றில் நிறுத்துவது, வாளைத் தொடுமுன் மண்டியிட்டு அமர்வது, எதிரியை வணங்கிவிட்டுச் சண்டை தொடங்குவது எல்லாம் பழைய வாள்கலைகளில் உள்ளவையாம். வாளிலிருந்து நெருப்பும் தண்ணீரும் பறப்பதுதான் பொய். சொல்லிச் சொல்லியே அவளுக்கு ஆசை வந்து, ஸ்காபரோவில் ஒரு சமூக மண்டபத்தில் நடந்த கெண்டோ வகுப்பில் சேர்ந்தாள். மூங்கில் வாள், நீலப் பாவாடை போன்ற உடுப்பு, தலைக்கு இரும்புக் கம்பி வைத்த முகக்கவசம். பழகிவிட்டு வந்தால் அந்தக் கவசத்தின் வியர்வை நாற்றம் கராஜ் முழுக்க நிற்கும்.

"வெண்டிட்டன் எண்டு கையைத் தூக்கினா அந்தப் பொயின்ரையே எடுத்திடுவினம், அப்பா. முன்னால நிக்கிறவருக்கு அது மரியாதை இல்லையாம்."

"உது நல்ல சட்டம்," என்றார் அவர்.

இன்னொரு நாள் அவள் சொன்னாள்: "அடிச்சு முடிச்சாப் பிறகும் மனம் அவரை விட்டு விலகக்கூடாதாம். ஸான்ஷின் எண்டு சொல்லுவினம். மிஞ்சி நிக்கிற மனம். அதுதான் ரியலி ஹார்ட்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அது தானா நிக்கும், பிள்ளை. பழகத் தேவையில்லை."

நான் படியில் துவைத்த உடுப்புக் கூடையோடு நின்று இதைக் கேட்டேன். இருவரும் இப்படிப் பேசிக்கொள்கிறார்களே என்ற சந்தோஷத்தில் அந்த வார்த்தைக்குப் பொருள் தேடவில்லை.

ஆண்டு முடிவில் அந்த வகுப்பில் குடும்பத்தாரை அழைத்திருந்தார்கள். அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. ஞாயிறு காலையில் சேர்ட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு எனக்கு முதலே காரில் இருந்தார்.

மண்டபம் பாஸ்கெற்போல் ஆடும் இடம். சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சுவரோரக் கதிரைகளில் இருந்தோம். மாணவர்கள் நேர்வரிசையில் மண்டியிட்டு, கண்களை மூடி, அசையாமல் இருந்தார்கள். பிறகு பயிற்சி. கத்தலும் மூங்கில் சத்தமும். அவர் முழங்கால்களில் கையூன்றி ஒழுங்காகவே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் மகள் எவள் என்றுகூட எனக்கு முன் அவர்தான் கண்டுபிடித்தார்.

முடிவில், பயிற்றுவிக்கும் பெண் விருந்தினரையும் கவசம் போட்டுப் பார்க்க அழைத்தார். மகள் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள்.

"அப்பா, ஜஸ்ட் ரை பண்ணிப் பாருங்கோ. அம்மா, போட்டோ எடுங்கோ."

அவர் மறுப்பார் என்று பார்த்தேன். எழுந்து போனார். மகள் அவருடைய தலையில் ஒரு துணியைச் சுற்றி, தன் முகக்கவசத்தை மாட்டி, பின்னால் கயிற்றை இழுத்துக் கட்டினாள். கம்பிகளுக்குள்ளே அவர் முகம் தெரியவில்லை. கையில் மூங்கில் வாளைக் கொடுத்தாள். மாணவர்கள் வரிசையாக வந்து, ஒருவர் பின் ஒருவராக அவர் முன்னால் நின்று வணங்கினார்கள். அவர் அவர்களின் தலையில் ஒருமுறை மெல்லத் தட்டவேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

முதலாவது ஆள் வணங்கினான். இவர் சும்மா நின்றார்.

"அப்பா, நீங்களும் பதிலுக்குத் தலையைக் குனியவேணும்," என்றாள் மகள்.

அவர் தலையைக் குனிந்தார். அந்த ஆள் நகர, அடுத்தவள் வந்தாள். அதற்கும் குனிந்தார். அதற்கு அடுத்த ஆள் வந்து நின்றபோது அவருடைய கையிலிருந்து வாள் விழுந்தது. இரண்டு கையாலும் கவசத்தைப் பிடித்து இழுத்தார். கயிறு பின்னால் இறுகியிருந்ததால் வரவில்லை. உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. நான் அவரிடம் ஒருநாளும் கேளாத சத்தம். மகள் முடிச்சை அவிழ்ப்பதற்குள் அவர் நிலத்தில் குந்திவிட்டார். அவிழ்ந்ததும் எழுந்து, சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, குளிர்ச்சட்டையில்லாமல் வெளியே பனிக்குள் போனார்.

நான் காரடிக்குப் போனபோது அவர் ஓட்டுநர் இருக்கையில் இருந்தார். ஏறி இருந்து கதவைச் சாத்தினேன். நெஞ்சு வருத்தமோ என்று கேட்டேன். இல்லை என்று தலையசைக்கக்கூட இல்லை.

"நான் சாக்குக்குள்ள இருந்தனான்," என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"ரவுண்டப்பில. தலையாட்டியா."

எங்கள் ஊர்களில் யுத்தகாலத்தைக் கண்ட யாருக்கும் அந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. விடியவே ஆமிக்காரர் ஊரைச் சுற்றி வளைத்து, எல்லோரையும் ஒரு சந்திக்கோ பள்ளி மைதானத்துக்கோ கொண்டுபோய் இருத்துவார்கள். வாகனமொன்றில் தலையில் சாக்குப் போட்ட ஒருவன் இருப்பான். கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஆண்களை ஒவ்வொருவராக அவன் முன்னால் நடத்துவார்கள். சாக்குத் தலை மேலும் கீழும் அசைந்தால் அந்த ஆளைப் போராளி என்று ஏற்றிக்கொண்டு போவார்கள். போனவர்களில் பலர் திரும்பவில்லை.

அவர் சொல்லிக்கொண்டே போனார். பத்தொன்பது வயதில் பிடித்தார்களாம். காலின் அடிப்பாதத்தில் அடித்தார்களாம். பிறகு ஒரு காலையில் சாக்கைப் போட்டு வாகனத்தில் ஏற்றினார்களாம். ஆட்டினால் இனி அடிக்கமாட்டோம் என்றார்களாம்.

"எனக்கு ஆரையும் தெரியாது. சும்மா ஆட்டினன். நிப்பாட்டினா பின்னால இருந்தவன் முதுகில குத்துவான். ஆட்டினன்."

பனி கண்ணாடியில் விழுந்து மூடிக்கொண்டிருந்தது. வைப்பரை அவர் போடவில்லை.

என் அண்ணனையும் அப்படித்தான் கொண்டுபோனார்கள். எனக்குப் பதின்மூன்று வயது. பெண்கள் பக்கத்தில் அம்மாவின் மடியோடு ஒட்டிக்கொண்டு இருந்தேன். கோதுமை மா சாக்கு, அதில் மங்கிய சிவப்பு எழுத்து. அண்ணன் அதன் முன்னால் வந்து நின்றான். சாக்கு அசைந்தது. அண்ணன் எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்குமுன் பிடரியில் பிடித்துத் தள்ளினார்கள். பெரியவளாகிய பின்னும், பிள்ளை பெற்ற பின்னும், அந்த அசைந்த தலையை நான் சபிக்காத கிழமை இல்லை. இது அவருக்குத் தெரியும். அவரிடம்தான் சொல்லி அழுதிருக்கிறேன்.

"எந்த இடம்?" என்று கேட்டேன். என் குரல் சாதாரணமாகவே இருந்தது.

"தெரியாது. சாக்கோடைதான் ஏத்தினவங்கள், சாக்கோடைதான் இறக்கினவங்கள். ரெண்டு மூண்டு இடம் கொண்டுபோனவங்கள்."

"எங்கட சந்தியோ?"

"தெரியாது எண்டு சொல்லுறன்."

"அண்ணையின்ரை முகம்?"

"கலியாணப் பேச்சுக்கு வந்த அண்டு உங்கட வீட்டில படத்தைப் பாத்தனான். எவ்வளவோ யோசிச்சுப் பாத்தனான். ஒரு முகமும் எனக்கு நினைவில்லை." வைப்பரைப் போட்டுவிட்டுச் சொன்னார்: "பிள்ளைக்குச் சொல்லாதையும்."

மகள் கவசப் பையோடு காருக்கு ஓடிவந்தாள். அப்பாவுக்கு என்ன என்று கேட்டாள். கழுத்து நோகுது என்று நான்தான் சொன்னேன்.

அதன் பிறகு அவர் பேஸ்மன்றுக்கு இறங்கவில்லை. சனிக்கிழமைகளில் வெயர்ஹவுஸில் ஓவர்ரைம் கேட்டு எடுத்துக்கொண்டார். மகள் சில வாரங்கள் அந்தக் கார்ட்டூனைப் போட்டுவிட்டுப் படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் சமையலறைக்கு வந்து கேட்டாள்.

"நான் கெண்டோ செய்யிறது அப்பாக்குப் பிடிக்கேல்லையா? எல்லாருக்கும் முன்னால அவரை எம்பரஸ் பண்ணிட்டனா?"

"இல்லை, பிள்ளை."

"அப்ப ஏன் என்னைப் பாக்கிறாரில்லை?"

உண்மையைச் சொன்னால் அவளுக்கு அப்பா இல்லாமல் போவார். சொல்லாததால் அவருக்கு மகள் இல்லாமல் போனாள். தை மாதம் அவள் சிநேகிதிகளோடு சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் அப்பாட்மன்ற் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நாங்கள் கனடா வந்த புதிதில் இருந்த அதே கட்டடத் தொகுதி. மூங்கில் வாளைத் துணிப்பையில் போட்டுத் தோளில் கொழுவிக்கொண்டு போனாள். அவர் பெட்டிகளைக் காரில் ஏற்றிக் கொடுத்தார். இருவரும் காலநிலையைப் பற்றிப் பேசினார்கள்.

ஒருமுறை அவர் கேட்டார், "நான் எங்கையாவது போகட்டோ?" நான் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அடித்து நொறுக்கப்பட்ட ஒரு பத்தொன்பது வயதுப் பொடியனை நினைத்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது. பாவப்படுகிற அதே நேரம் அண்ணனின் பிடரியில் அந்தக் கை விழுகிறது. இரண்டில் ஒன்றும் போவதில்லை. அவர் செய்யவில்லை என்றோ செய்தார் என்றோ இந்த உலகத்தில் யாரும் எனக்குச் சொல்லப்போவதில்லை. சமைக்கிறேன், அவர் சாப்பிடுகிறார், கோப்பையைக் கழுவி வைக்கிறார்.

அம்மா யூனியன்வில்லில் என் தங்கையோடு இருக்கிறார். அண்ணன் எங்கோ உயிரோடு இருக்கிறான் என்ற நம்பிக்கையை அவர் விடவில்லை. படத்துக்கு மாலை போட விடமாட்டார். அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்கு எல்லாம் லீவு எடுத்துக் கூட்டிப்போனது என் கணவர்தான். போன கிழமையும் என்னை அங்கே கொண்டுபோய் விட்டார். உள்ளே வரவில்லை.

"மருமோன் ஏன் வெளியில நிக்கிறார்?" என்று அம்மா கேட்டார்.

"பார்க்கிங் இல்லை, அம்மா."

"உவர் பாவம். மூத்தவன் இருந்தாச் செய்யிறதையெல்லாம் உவர்தான் எனக்குச் செய்யிறார். ஒரு தேத்தண்ணியாவது கொண்டுபோய்க் குடு."

தேத்தண்ணீரை ஊற்றிக்கொண்டு போய்க் கார்க் கண்ணாடியில் தட்டினேன். இறக்கி வாங்கினார். தங்கை வீட்டு முற்றத்தில் இன்னும் இரண்டு கார் விடலாம்போல இடம் வெறுமனே கிடந்தது. நான் உள்ளே திரும்பி வந்தபோது அம்மா ஜன்னலடியில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.